அடுப்பு அணைந்தது, ஃபேன் ஓடியது

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஒயர்மேன் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. போன கூட்டத்தில் ஒரு தம்பி என்னைப் பார்த்து, யார் கூட வந்திருக்கிறீர்கள் பெரியவரே என்று கேட்டான். நான் யார் கூடவும் வரவில்லை. இந்தச் சங்கம்தான் என் கூட வந்தது.

வில்லியனூர்ப் பக்கம் மூன்று ரைஸ் மில்லுக்கு ஒயரிங் போட்டவன் நான். அரியாங்குப்பத்தில் இரண்டு கல்யாண மண்டபம். பிள்ளைச்சாவடியில் உப்புக் காற்று ஆறே மாதத்தில் ஸ்விட்சைத் தின்றுவிடும். அங்கே ஐஸ் உடைக்கும் கொட்டகைக்கு நான் வைத்த பெட்டி இன்றும் துருப் பிடிக்காமல் நிற்கிறது. பாகூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் எத்தனை மோட்டார் கொட்டகை என்று நானே எண்ணியதில்லை. இத்தனையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது. எனக்கு நிலம் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு சொல்தா பென்ஷன் வாங்கும் மாமன் கிடையாது. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். மூன்றாம் முறை என் மனைவி பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு வந்து சொல்ல, நான் நெட்டுருப் போட்டு ஜெயித்தேன். ஒதியம்பட்டில் இருக்கும் என் மாடி வீடு ஒரு செங்கல் குறையாமல் இந்தக் கையால் வந்தது.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். ஓம் விதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை ஆம்பியருக்கு எத்தனை ஸ்கொயர் தடிமனில் ஒயர் என்பது உங்கள் போனிலேயே இருக்கிறது. இருந்தும் என்ன பயன்? நான் எழுதப்போவது ஒரு அடுப்பைப் பற்றி.

இப்போது நம் கிராமங்களுக்குள் ஒரு புது வியாதி வந்திருக்கிறது. பிரான்சில் இருக்கும் அண்ணனோ தம்பியோ அங்கே வீடு மாற்றினால், பழைய சாமான்களைப் பெட்டி கட்டி இங்கே அனுப்பிவிடுகிறார்கள். அதில் கரண்டு அடுப்பும் வருகிறது. மேலே சூடாகும் தட்டு நான்கு, கீழே கேக் சுடும் ஓவன். பீரோவைப் பாதியாக வெட்டி வைத்தது போல இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, பிளக் எங்கே என்பதுதான். பிளக் இல்லை, ஒயரும் இல்லை. பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஆறு திருகும் இரண்டு பித்தளைத் தகடும் மட்டும் இருக்கும். உடனே கப்பலில் எவனோ ஒயரை அறுத்து எடுத்துக்கொண்டான் என்று ஒரு கதை கிளம்பும். துறைமுகத்துக்குப் புகார் எழுதச் சொல்லி என்னிடமே வந்தவர்கள் உண்டு.

எவனும் எடுக்கவில்லையப்பா. அந்த அடுப்பு அப்படித்தான் வரும். அது பிளக்கில் மாட்டும் சாமான் இல்லை. ஓவனையும் தட்டுகளையும் சேர்த்துப் போட்டால் முப்பது ஆம்பியர் கேட்கும். மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன், ஆறு ஸ்கொயர் செம்பு ஒயர், சுமை மீறினால் தானே விழும் முப்பத்திரண்டு ஆம்பியர் எம்.சி.பி., நல்ல எர்த்து, சுவரில் ஒரு தனி ஸ்விட்சு. இவ்வளவும் இருக்கிற வீட்டில்தான் ஒயரை அந்தத் திருகில் கொண்டுபோய் முடுக்க வேண்டும் என்பதற்காகவே கம்பெனிக்காரன் ஒயர் இல்லாமல் அனுப்புகிறான். இதை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன். கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வேறொருவனைக் கூப்பிட்டு அதற்கு ஒரு ஒயரும், சாக்கெட்டில் சொருக மூன்று முள் டாப்பும் மாட்டிக்கொள்வார்கள்.

குமரவேல் வீட்டிலும் அதுதான் நடந்தது.

குமரவேல் பாகூர் ஏரிப் பக்கம் கரும்பு போடுகிறவன். அவன் அப்பாவும் நானும் பழக்கம், அதனால் அவனுக்கு நான் சித்தப்பா. அந்த வீட்டு ஒயரிங் நான் போட்டது. அவன் மனைவி செல்வி கெட்டிக்காரி. கேஸ் அடுப்பின் மேல் ஒரு தகர டப்பாவை வைத்து அதில் கேக் சுடப் பழகி, அரியாங்குப்பத்தில் நான்கு கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரான்சில் இருக்கும் அவள் அண்ணன்தான் அந்த அடுப்பை அனுப்பினான். அது வந்து சேர்ந்த மாதமே அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. ஒரு கல்யாண வரவேற்புக்கு மூன்று அடுக்கு கேக் ஒன்று, கப் கேக் முந்நூறு. இதைச் சரியாகச் செய்துகொடுத்தால் அந்த மண்டபத்தில் நடக்கும் எல்லா வரவேற்புக்கும் கேக் அவளுடையது என்று மண்டபத்துக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். சொதப்பினால் பழையபடி தகர டப்பா.

அவளுக்கு அவசரம். அரியாங்குப்பத்திலிருந்து ஆரோக்கியம் என்ற ஒயர்மேனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஐ.டி.ஐ. படித்தவன், நம் சங்கத்து ஆள், கல்யாணமானவன், வேலையில் சுத்தம். ஆனால் செல்வி நின்ற அவசரத்தில் அவனும் நின்றான். பழைய ஏ.சி. ஒன்றில் கழற்றிய ரெண்டரை ஸ்கொயர் ஒயரை அடுப்பின் பின்னால் கொடுத்து, மறுமுனையில் பதினாறு ஆம்பியர் டாப்பு மாட்டி, சமையலறையில் கிரைண்டர் ஓடும் பவர் பிளக்கில் சொருகிவிட்டான். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போடணும் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனானாம். முந்நூறு கேக் சுட வேண்டியவளிடம் சொல்கிற பேச்சா அது?

மூன்றாம் நாள் விடிந்ததும் செல்வி எனக்குப் போன் போட்டாள். "மாமா, அடுப்பு லேசா கடிக்குது."

லேசாகக் கடிக்கிறது. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய் லேசாகக் கடித்தால் ஊசி போட ஓடுகிறீர்கள். கரண்டு லேசாகக் கடித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு சமைக்கிறீர்கள். அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் மாலை வரவேற்பு. ஆரோக்கியத்தையும் அங்கே வரச்சொல்லிவிட்டு, அன்று காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். ஒரு பல்பும் இரண்டு ஒயர் முனையுமாக டெஸ்ட் லாம்ப் கையில் தயார். அடுப்பின் டாப்பைப் பிடுங்கிவிட்டு, பிளக்கில் லைன் துளைக்கும் எர்த்து துளைக்கும் நடுவே லாம்பைப் போட்டான். பளிச்சென்று எரிந்தது.

"எர்த்து சூப்பரா இருக்கு அய்யா. பாருங்க" என்றான்.

அணைத்துவைத்த அடுப்பைச் சோதித்து என்ன பிரயோஜனம்? கடித்தது அடுப்பு எரியும்போது. காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரிடம் போய் நிற்கிற மாதிரி. திரும்ப மாட்டிப் போடச் சொன்னேன், முழுசாகப் போடச் சொன்னேன். போட்ட பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். செல்விக்கு அதுவே வாய்ப்பு. ஓவனில் வைக்க வேண்டிய முதல் தட்டு கேக் ஏற்கெனவே மாவோடு காத்திருந்தது. ஆரோக்கியம் ஸ்விட்சைப் போடுவதற்குள் உள்ளே தள்ளினாள், மேலே ஒன்றில் வெண்ணெய், ஒன்றில் சர்க்கரைப் பாகு. நான் அடுப்பைப் பார்க்காமல் அதன் முகப்பில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த விளக்கு மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. கரண்டு பேட்டில் கொசு அடிபட்ட மாதிரி சுவர்ப்பக்கம் ஒரு சின்னச் சத்தம். விளக்கு போய்விட்டது.

"கரண்டு போயிட்ச்சி, கேக்கு அமுங்கிடும்" என்று செல்வி பாய்ந்தாள். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. காலில் செருப்பு இல்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த ஈரத் துணி கையில். ஓவன் கதவின் இரும்புப் பிடியை நோக்கிக் கை போகிறது.

நான் தலையைத் தூக்கினேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுப்பு செத்துவிட்டது, ஃபேன் ஓடுகிறது. அப்படியானால் கரண்டு போகவில்லை. பேஸ் வந்துகொண்டே இருக்கிறது, திரும்பிப் போகிற நியூட்ரல்தான் அறுந்திருக்கிறது. போன கரண்டு திரும்ப வழி இல்லாமல் அடுப்புக்குள்ளேயே நிற்கிறது. அது வேறு வழி தேடும். எரியும் அடுப்பு சுடும் என்று குழந்தைக்கும் தெரியும். அணைந்த அடுப்புதான் ஆளை அடிக்கும். இதை எழுத எனக்கு இத்தனை வரி ஆகிறது. அன்றைக்கு நினைக்க நேரம் இல்லை. கத்தினால் அவள் திரும்பிப் பார்ப்பாள், ஆனால் கை போய்ச் சேர்ந்துவிடும். அதனால் கத்தவில்லை. தோளில் கையை வைத்து முழு பலத்தோடு தள்ளினேன்.

மாவுத் தொட்டியின் மேல் போய் விழுந்தாள். வளையல் உடைந்தது, முழங்கை கிழிந்தது. மெயின் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் கிளம்பிவிட்டிருந்தான். அந்த வீட்டில் மெயின் போர்டுக்கு முன்னால் யூரியா மூட்டை அடுக்கியிருப்பார்கள். அதையெல்லாம் ஒரே தாவாகத் தாவி மெயினை இறக்கிவிட்டான். அதற்கு நான் அவனுக்கு மார்க்கு போடுகிறேன்.

சத்தம் கேட்டுக் குமரவேல் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடி வந்தான். அவன் கண்ணில் பட்டது என்ன? பெண்டாட்டி மாவில் கிடக்கிறாள், கையில் ரத்தம், பக்கத்தில் நான்.

"இன்னா சித்தப்பா பண்ற நீ? பொம்பளய புடிச்சி தள்ளிகினு" என்று நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டான்.

அடுப்பில் கரண்டு இருந்தது என்றேன். அணைந்த அடுப்பில் என்ன கரண்டு என்கிறான். செல்வி எழுந்து உட்கார்ந்து அழுகிறாள், அடி பட்டதற்காக இல்லை, உள்ளே வெந்தும் வேகாமல் கிடக்கிற கேக்குக்காக. வயதாகிவிட்டது, பயந்துபோய்த் தள்ளிவிட்டாய் என்று அவன் என்னிடமே சொல்கிறான். நான் உயிரைக் காப்பாற்றிவிட்டு நிற்கிறேன், எனக்கு வயதாகிவிட்டதாம்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. பின்வாசலில் வாழைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடம் எப்போதும் ஈரம். அங்கே ஒரு கடப்பாரையை இறக்கி, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை அதில் கட்டினேன். இன்னொரு முனையை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டினேன். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு ஆரோக்கியத்தை மெயினைப் போடச் சொன்னேன். அடுப்பு எரியவில்லை. சிவப்பு விளக்கும் இல்லை. கம்பை நீட்டி ஓவன் கதவின் பிடியைத் தொட்டேன்.

லாம்ப் எரிந்தது.

மண்ணில் ஒரு கால், அடுப்பில் ஒரு கை. லாம்ப் நின்ற இடத்தில்தான் செல்வி நிற்க இருந்தாள். செல்வி அழுகையை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

மெயினை இறக்கியதும் குமரவேல் செய்த முதல் வேலை, ஆரோக்கியத்தின் சட்டையைப் பிடித்தது. நானும் விடவில்லை. சேர்த்துவைத்திருந்த வார்த்தை அத்தனையையும் கொட்டினேன். முப்பது ஆம்பியர் தின்னும் மிருகத்தை ரெண்டரை ஸ்கொயர் கயிற்றில் கட்டியிருக்கிறாயே, படித்தவன்தானே நீ, அடுப்போடு வந்த தாளைப் பார்த்தாயா என்று கேட்டேன். தாள் பிரெஞ்சில் இருந்தது என்றான். படத்துக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது, எண்ணுக்கு ஏது பாஷை என்றேன். குமரவேல் இவனைச் சங்கத்திலிருந்தே தூக்க வேண்டும் என்றான். தூக்குகிறேன் என்றேன். அப்படியே சொன்னேன்.

ஆரோக்கியம் எதிர்த்துப் பேசவில்லை. "ஒயரு மெலிசு. அது என் தப்புதான் அய்யா. ஆனா சாக்கெட்ட நான் தொறக்கல. எர்த்து இருக்குற சாக்கெட்டுல எப்டி பாடிக்கு கரண்டு வரும்?"

நல்ல கேள்வி. பதிலை அவன் முகத்தில் அடிக்கிற மாதிரி காட்டுவதற்காகத்தான் நான் திருப்புளியை எடுத்து அந்தச் சாக்கெட்டைக் கழற்றினேன்.

நியூட்ரல் திருகு கரியாகியிருந்தது. தாங்காத சுமையில் சூடேறிச் சூடேறி, ஒயர் எரிந்து கழன்று தனியே தொங்கியது. அது ஆரோக்கியத்தின் கணக்கு. ஆனால் அதே திருகிலிருந்து பக்கத்து எர்த்துத் திருகுக்கு விரல் நீளத்தில் ஒரு பச்சை ஒயர் போயிருந்தது. வெளியே மண்ணுக்குப் போகும் எர்த்து ஒயர் என்று ஒன்றும் இல்லவே இல்லை.

இதுதான் லூப். உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பீர்கள். எர்த்துக்குக் குழி வெட்டாமல், நியூட்ரலையே எர்த்துத் துளைக்கு ஒரு துண்டு ஒயரால் இழுத்துவிட்டால் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும். சோதிக்க வருகிறவன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். நியூட்ரல் நன்றாக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. அது சூடேறித் தளர ஆரம்பித்தால் லேசாகக் கடிக்கும். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு, உயிரைக் காக்க வேண்டிய அந்தப் பச்சை ஒயரே கரண்டை நேராகச் சாமானின் இரும்புக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

எவன் போட்டது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் முறுக்கைப் பார்த்தேன்.

நான் இடது கைக்காரன். நீங்கள் எல்லாரும் ஒயர் நுனியை வலப்பக்கமாக முறுக்குவீர்கள். என்னுடையது இடப்பக்கம் போகும். பாகூர், அரியாங்குப்பம் என்று இந்த இரண்டு கொம்யூன் ஊர்களிலும் அப்படி முறுக்குகிற ஆள் நான் ஒருவன்தான். அந்தப் பச்சை ஒயரின் இரண்டு நுனியும் இடப்பக்கம் போயிருந்தன.

அது குமரவேல் கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டது. சீர் வரிசையில் செல்வி வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் வந்து இறங்கியிருந்தது. கம்பெனி மெக்கானிக் வந்து லாம்ப் போட்டுப் பார்த்து, எர்த்து இல்லை, கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். குழி வெட்ட இடம் இல்லை, கொல்லை முழுக்கப் பந்தல், அடுப்பு, பாத்திரம். சம்பந்தி வீட்டார் முன்னால் சீர் ஃபிரிட்ஜ் ஓடாமல் நிற்கக் கூடாது என்று குமரவேலின் அப்பா தவிக்கிறார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆள் ஒருவர் இருந்தார். எர்த்து இல்லாத இடத்தில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "பல்ப் எரிஞ்சிச்சா? கெளம்பு." நானும் லூப் போட்டேன், பல்ப் எரிந்தது, மெக்கானிக் கையெழுத்துப் போட்டான், எனக்கு இலையில் முதல் பந்தி. கல்யாணம் முடிந்து வந்து குழி வெட்டித் தருகிறேன் என்று சொன்னதாகவும் ஞாபகம். வரவில்லை. நல்லாத்தானே ஓடுகிறது என்று அவர்களும் கூப்பிடவில்லை. ஃபிரிட்ஜ் அப்புறம் கூடத்துக்குப் போய்விட்டது, அந்த இடத்துக்கு கிரைண்டர் வந்தது. லூப் அங்கேயே இருந்தது.

நான் அந்தச் சாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குமரவேல், யார் வேலை சித்தப்பா அது என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் நேரே ஆரோக்கியத்தைப் பார்த்து, கெளம்புடா என்றான். ஆரோக்கியம் பையில் சாமானை எடுத்துப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று ரைஸ் மில், இரண்டு மண்டபத்துக்கு ஒயரிங் போட்ட ஆள், வாயைத் திறக்காமல் நின்றேன். எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

அவன் படலைத் திறக்கும்போது பின்னாலேயே போய்விட்டேன். அது என் வேலை என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் அய்யா. முறுக்கப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா சொல்லல?"

"உங்கள போயி எப்டி சொல்றது?"

செவிட்டில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. உன் லைசென்ஸ் போகப் போகிறது, உன் சட்டையைப் பிடித்துவிட்டான், ஊர் முழுக்க நாளைக்கு உன்னைக் கொலைகாரன் என்று சொல்லும், நீ என் மரியாதையைக் காப்பாற்றுகிறாய். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பாகூரில் இன்னும் எத்தனை சமையலறையில் அந்தப் பச்சை ஒயர் இருக்கிறதோ. நீ மரியாதை காட்டிக்கொண்டு படலைத் திறந்து போய்விட்டால், அதையெல்லாம் யார் கழற்றுவது? அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். குமரவேலிடமும் செல்வியிடமும் சொன்னேன். ஒயர் மெலிசு இவன் தப்பு. ஆனால் ஆளைக் கொல்ல இருந்தது நான் போட்டது.

செல்விதான் பேசினாள்.

"இத்தினி வருசமா அந்த பிளக்லதான் நானும் அத்தையும் மாவு அரைச்சோம் மாமா. ஈரக் கையோட."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முகத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, "சரி, எப்ப முடியும்? நாளைக்கு ஆர்டரு" என்றாள்.

ஆரோக்கியம் வண்டியில் போய் ஆறு ஸ்கொயர் செம்பு ஒயரும், எம்.சி.பி.யும், கரண்டு கசிந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி.யும் வாங்கி வந்தான். நான் கொல்லையில் கடப்பாரையைப் போட்டேன். பந்தல் இல்லாத கொல்லையில் குழி வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். குமரவேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், அப்புறம் பேசாமல் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, தனி லைன் இழுத்து, சுவரில் ஸ்விட்சு வைத்து, பொழுது சாய்வதற்குள் அடுப்பை அந்த ஆறு திருகில் நேராக முடுக்கியாயிற்று. டாப்பும் இல்லை பிளக்கும் இல்லை. நான்கு தட்டையும் ஓவனையும் போட்டு, வெறுங்கையை முதலில் நான் வைத்தேன். என்னை ஓரம் தள்ளிவிட்டு ஆரோக்கியம் மீட்டரை வைத்துப் பார்த்தான். அவன் செய்ததுதான் சரியான முறை. ஆனாலும் முதலில் நான் வைத்தேன்.

முந்நூறில் முதல் தட்டுதான் அமுங்கியது. மிச்சம் போய்ச் சேர்ந்தது. மண்டபத்து வேலை இப்போது செல்வியுடையது. எனக்கு இதுவரை ஒரு கேக் அனுப்பவில்லை. கேட்டால், முழங்கை இன்னும் வலிக்குது மாமா என்கிறாள்.

அதன் பிறகு நானும் ஆரோக்கியமும் நான் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போனோம். ஞாபகத்தில் இருந்தவரை போனோம். நீங்கள் இதைச் செய்து பாருங்கள், அப்போது தெரியும் எரிச்சல் என்றால் என்ன என்று. சாக்கெட்டைத் திறந்து பார்க்கிறேன் என்றால், நாங்க கூப்புடவே இல்லையே என்பார்கள். இலவசமாகப் பார்க்கிறேன் என்றால், இலவசமா இன்னாத்துக்கு என்று சந்தேகப்படுவார்கள். ஒரு வீட்டில் நல்லாத்தான எரியுது என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தேர்தல் வருகிறதா என்று கேட்டார்கள். கெஞ்சி, திட்டி, சில இடத்தில் பொய் சொல்லி உள்ளே போனோம். இடது முறுக்கு லூப் பதினேழு கழற்றினோம். வலது முறுக்கு லூப் அதைவிட அதிகம். அது உங்களுடையது, உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுடையது. எவருடையது என்று நான் எழுதவில்லை. நீங்களே போய் உங்கள் முறுக்கைப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் சங்கம் இப்போது ஒரு அட்டை அச்சடித்திருக்கிறது. கரண்டு அடுப்புக்குத் தனி லைன் இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது, சாக்கெட்டைத் திறந்து பார்க்காமல் எர்த்து இருக்கிறது என்று சொல்லக் கூடாது, சுமையைப் போட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். நல்ல அட்டை. மூன்று விதியும் குமரவேல் வீட்டுச் சமையலறையில் நான் வாயால் சொல்லி, ஆரோக்கியம் கையால் எழுதியது. அட்டையில் என்ன போட்டிருக்கிறார்கள்? 'பழைய ஒயரிங்கில் காணப்பட்ட சில குறைபாடுகளின் அடிப்படையில் சங்கம் வகுத்த விதிகள்.'

செயலாளரிடம் கேட்டேன். உங்கள் பெயர் வேண்டாம் அய்யா, மூத்தவர், மரியாதை கெட்டுவிடும் என்றார். மறுபடியும் அதே வார்த்தை. குறைபாடு காணப்பட்டதாம். குறைபாடு என்ன மழைக்கு முளைத்த காளானா, தானாகக் காணப்படுவதற்கு? ஒரு மனிதன் திருப்புளியை எடுத்து, ஒயரைச் சீவி, முறுக்கி, திருகில் கொடுத்து, மூடியைப் போட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்குப் பெயர் இருக்கிறது. ரைஸ் மில்லைச் சொல்லும்போது அந்தப் பெயரைச் சொல்லுகிறீர்கள் அல்லவா? இதற்கும் சொல்லுங்கள். பெயர் இல்லாத தப்பை எவனும் தன் வீட்டில் தேட மாட்டான்.

ஆகவே அடுத்த அச்சில் திருத்திப் போடுங்கள். லூப் போட்டது நான் என்று போடுங்கள். அது அடிக்க இருந்த அன்றைக்கு ஃபேனைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் நான்தான், அதையும் விடாமல் போடுங்கள். பக்கத்தில் ஆரோக்கியத்தின் பெயரும் வர வேண்டும், அதே அளவு எழுத்தில். ஆனால் என் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். வயசுக்காகக் கேட்கவில்லை. முதல் தப்பு என்னுடையது.